பதினொன்றரைக் கிலோ

அவள் சைக்கிள் கூடத்தில் இல்லை,
படுக்கையறையில் இருக்கிறது.
என் பக்கம்.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்
பெடல் கணுக்காலைக் கடிக்கும்.
விளக்குப் போட மாட்டேன்.
காலை நாலரைக்கு அவள் எழ வேண்டும்.

பகாவ் செம்பனை ஆலையில்
லாரி நிறுப்பது என் வேலை.
குலையோடு உள்ளே வரும்போது ஒரு தடவை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு தடவை.
பகல் முழுக்க டன் கணக்கில் பேசிவிட்டு
வீட்டுக்கு வந்தால்
துர்கேஸ்வரி கேக் மாவு நிறுக்கும் தராசில்
நாலு திருகாணிகளை வைத்துக் குனிந்திருப்பாள்.
"டைட்டானியம். ஒன்பது கிராம் மிச்சம், பாருங்க."
ஒன்பது கிராம் என்ன விலை என்று கேட்கவில்லை.
போன தடவை கேட்டேன்.
வாஷிங் மெஷின் இன்னும் வாங்கவில்லை.

டயருக்குள் பால் ஊற்றுகிறாள்.
முள் குத்தினால் உள்ளேயே உறைந்து
ஓட்டையை அடைத்துவிடுமாம்.
மூடியைத் திறந்ததும் அமோனியா வீச்சம்;
ரப்பர்ப் பால்தான், வேறொன்றுமில்லை.
இந்தப் பக்கத்துப் பால்மரமெல்லாம் சாய்த்துச்
செம்பனை நட்ட ஊரில்
தொண்ணூறு வெள்ளி கட்டித்
தபாலில் பால் வரவழைக்கிறோம்.
சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
சக்கரத்தைச் சுழற்றிக்
காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் நம்பர் பிளாக் மேட்டில்
ஒரு வெளிச்சம் ஏறும், மறையும், மறுபடி ஏறும்.
காட்டுப்பன்றி குறுக்கே வந்தால் மணி அடிப்பாளாம்.
பன்றிக்கு மணி!
ஏழு மணிக்குக் கிளினிக்கில் நர்ஸ் உடையில் நிற்பாள்.
அதற்குள் அவள் முதுகில் அட்டை தேடி
உப்பு வைப்பது நான்.
எங்கள் கொஞ்சல் இப்போதெல்லாம் அவ்வளவுதான்.
குறைவென்று சொல்ல மாட்டேன்.

என் அண்ணன் மகள் கல்யாணமும்
ரவூப் போட்டியும் ஒரே ஞாயிறு.
"காய்ச்சல்னு சொல்லிடுங்க" என்றாள்.
சொன்னேன், மண்டபம் முழுக்க.
மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில்
காய்ச்சல்காரி பதக்கத்தைக் கடித்தபடி
அரைப்பக்கம்.
அண்ணி இன்னும் பேசவில்லை.

போட்டியில் என் பங்கு மூன்று விநாடி.
பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்பேன்.
சேற்றுக்குள் ஒரு முகம் வரும்;
புருஷன் என்கிற சாடை அதில் இருக்காது.
கை மட்டும் வந்து பறித்துக்கொண்டு போகும்.
போன மாதம், கடைசிச் சுற்று,
பாட்டில் வழுக்கிக் கீழே விழுந்தது.
என் கையா, அவள் கையா,
அதை இன்றுவரை நாங்கள் பேசவில்லை.
ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.
வீட்டில் புழங்காத வார்த்தை.
நான்காவது வந்தாள்.
மூன்றாவதுக்குப் பதினோரு விநாடி.

கோல பிலா வரைக்கும் வண்டியில் மழைச் சத்தம்.
தே ஓ ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.
குடித்தாள்.
வீட்டுக்குத் திரும்பாமல்
ஆலைக்குள் வண்டியை விட்டேன்.
ஞாயிறு ராத்திரி, லாரி இல்லை.
பிக்கப்பை எடை மேடையில் ஏற்றினேன்.
"என்ன பண்றீங்க?"
சிவப்பு எண்கள்: இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
"சைக்கிளை இறக்கு."
இறக்கினாள்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது.

திரும்ப ஏற்றினாள். இறக்கினாள்.
எண் அசையவில்லை.
இருபது கிலோவுக்கு உட்பட்டதெல்லாம்
இந்தத் தராசுக்குத் தூசி.
"அப்போ என் ஒன்பது கிராம்?" என்றாள்.
வாய் கோணியது.
பிறகு மேடையில் உட்கார்ந்து
கண்ணில் நீர் வரச் சிரித்தாள்,
முழங்கால் சேறு உதிர உதிர.
நான் சீட்டு அச்செடுத்தேன்.
உள்ளே வந்தது, வெளியே போனது,
கழித்தால் சுழி.

சீட்டு என் பர்ஸில் இருக்கிறது.
நேற்று ராத்திரியும்
பெடலில் இடித்துக்கொண்டேன்.